சோலையம்மாள் பிடுங்கிய பன்னிரண்டு நிலைகள்

குருவிமடையில் யாரிடம் போய் சோலையம்மாளைப் பற்றிக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு வரும். அடுத்தது ஒரு வசவு வரும். வசவு முடிந்த பிறகுதான் சேதி வரும். அவளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது, "எழுதுறதுன்னா எழுது. அவ வாயைப் பத்தி மட்டும் எழுதிறாத, காகிதம் பத்தாது" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாயைப் பற்றி எழுதாமல் அவளைப் பற்றி எழுத முடியாது. ஆண்டவர் ஒருவருக்குக் கையில் பலத்தைக் கொடுக்கிறார், இன்னொருவருக்குக் காலில் கொடுக்கிறார். இவளுக்கு நாக்கில் கொடுத்துவிட்டார்.

திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் ஒரு மைல் நடந்தால் குருவிமடை. இந்துக் குடும்பங்கள் கொஞ்சம், வேதக்காரர்கள் என்று சொல்லப்படுகிற கிறிஸ்தவர்களான நாங்கள் கொஞ்சம், ஆடு வளர்க்கிற முஸ்லிம் ராவுத்தர் வீடுகள் இரண்டு மூன்று. யாருக்கும் சொல்லிக்கொள்ளும்படி நிலம் கிடையாது. மழை பெய்தால் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுப்போம், மிளகாய் பறிப்போம். பெய்யாவிட்டால் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுவோம்.

சோலையம்மாள் காரியாபட்டிப் பக்கம் பிறந்தவள். அவள் புருஷன் காளிராஜ் கரி லோடு ஏற்றுகிற லாரியில் வேலை பார்த்தான். ஒரு நாள் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து வந்தவன், அருப்புக்கோட்டை ரோட்டில் லாரி பள்ளத்தில் இறங்கி ஏறியபோது கீழே விழுந்து இறந்துபோனான். மகள் பாண்டீஸ்வரி அப்போது நடை பழகிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் சோலையம்மாளுக்கு வாய் நீண்டது என்று சிலர் சொல்வார்கள். வரும்போதே அப்படித்தான் வந்தாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் அப்போது பஸ் நிற்காது. கையைக் காட்டினால் டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் காலையில் சோலையம்மாள் விறகுக்கட்டை ரோட்டின் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. "ஏறி மிதிச்சிட்டுப் போ. இல்லைன்னா ஏத்திட்டுப் போ" என்றாள். ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து பஸ் நிற்கிறது. அதற்காக ஊரில் ஒருவரும் அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "பொம்பளை நடுரோட்டுல உக்கார்றா பாரு" என்றுதான் பேசினார்கள். பேசிவிட்டு எல்லோரும் அங்கேயே நின்று பஸ் ஏறினார்கள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஐப்பசியில் பேய் மழை பெய்தது. எங்கள் வீடுகள் எல்லாம் மண்சுவர். நனைந்து நனைந்து ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. சோலையம்மாளின் வீடு முழுவதுமாகக் கரைந்துபோனது. அவளும் பாண்டீஸ்வரியும் செல்லப்பாண்டியின் மாட்டுக் கொட்டத்தில் போய் ஒதுங்கினார்கள். செல்லப்பாண்டி அவளுக்குக் கொழுந்தன், காளிராஜின் தம்பி. மாட்டை விற்றுவிட்டதால் கொட்டம் சும்மா கிடந்தது. அவன் வீட்டிலும் ஒரு பக்கச் சுவர் விழுந்திருந்தது.

"இருந்துக்கிடுங்க மதினி. ஆனா அடுத்த ஐப்பசிக்குள்ள காலி பண்ணிரணும். ஆடு வாங்கிக் கட்டப் போறேன்" என்றான்.

"ஆட்டுக்கு மழைன்னா ஆகாதுல்ல. மனுசிக்கு ஆகும்" என்றாள் சோலையம்மாள்.

இருந்தாலும் அந்தக் கெடு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. அடுத்த மழைக்குள் அவளுக்கு ஒரு கூரை வேண்டும். பிறந்த வீட்டில் கேட்க ஆள் இல்லை. சுவர் எழுப்பிக் கொடுக்க வீட்டில் ஆம்பிளை இல்லை.

மழை வீட்டையும் கொண்டுபோனது, விதைத்ததையும் கொண்டுபோனது. தை மாசத்தில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அப்போதுதான் எங்கள் மாதா கோயிலில் செபம் நடத்துகிற உபதேசியார் வேதமுத்து வீரசோழனுக்குப் போய் நத்தர்கனி ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் மிளகாய் வியாபாரி. அவர் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் போனார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊருக்கு மேற்கே ராவுத்தரின் கரிசல் துண்டு ஒன்று சும்மா கிடந்தது. அதில் பன்னிரண்டு ஓட்டு வீடுகள் கட்டுவது. ஓடும் சிமெண்டும் கோயில் மூலமாக வரும். அரிசி பள்ளிவாசல் ஜமாத்திலிருந்து வரும். பருப்பு, உப்பு, எண்ணெய் அண்ணாச்சியும் கடைவீதிக்காரர்களும் கொடுப்பார்கள். வீடு இழந்த குடும்பங்கள் தாங்களே உழைத்துக் கட்ட வேண்டும். உழைக்கிறவர்களுக்கும், பசி என்று யார் வந்தாலும் அவர்களுக்கும், மத்தியானம் கஞ்சி.

நல்ல காரியம்தான். ஆனால் வருஷம் நல்ல வருஷமாக இல்லை. வடக்கே மதச் சண்டை நடந்த செய்தி தினமும் பேப்பரில் வந்துகொண்டிருந்தது. விலக்கு டீக்கடையில் அதைச் சத்தம் போட்டு வாசிப்பார்கள். "பாய் நிலத்துல, வேதக்காரன் ஓட்டுக்கு அடியில, நம்ம ஆளு குடியிருக்கப் போறானாம். போனவன் திரும்பி நம்ம ஆளாவா வருவான்?" என்று கேட்பார்கள். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. "எல்லாம் எலெக்சனுக்குத்தான்" என்றார்கள். மூன்று பேருக்கும் கஞ்சிக் கமிட்டி என்று பெயர் வைத்தார்கள். கஞ்சியைக் குடித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

வேதமுத்து உபதேசியார் ஒரு விதி வைத்தார். எந்த வீடு யாருக்கு என்று முதலில் சொல்லமாட்டோம். கூரை போட்ட பிறகு சீட்டு எடுப்போம். தன் வீடு எது என்று தெரிந்துவிட்டால் அதற்கு மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள், அடுத்ததை அரைகுறையாக விட்டுவிடுவார்கள். தெரியாவிட்டால் எல்லா வீட்டையும் தன் வீடு போலக் கட்டுவார்கள். இந்த விதியைக் கேட்டு மனசுக்குள் அதிகம் சந்தோஷப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சோலையம்மாள். இன்னொருத்தி பாத்துமுத்து. அவளும் புருஷன் இல்லாதவள், எங்கள் ஊர் ராவுத்தர் வீட்டுப் பெண், நாலு ஆடு வைத்திருந்தாள். சோலையம்மாளின் உழைப்புப் பங்கு கஞ்சி காய்ச்சுவது, பாத்துமுத்துவின் பங்கு தண்ணீர் சுமப்பது.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து கோட்டைச்சாமி கொத்தனார் வந்தார். கரிசல் மண் வெடிக்கும் என்பதால் ஆழமாகத் தோண்டிக் கல்லும் சரளையும் நிரப்பினார்கள். வைகாசியில் நிலை வைக்கிற நாள் வந்தது.

வாசல் நிலையைச் சும்மா தூக்கி நிறுத்த முடியாது. இந்துக்கள் நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து நிலைக்கு அடியில் வைத்து, சந்தனம் குங்குமம் பூசுவார்கள். நாங்கள் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்போம். ராவுத்தர்கள் பாத்திஹா ஓதுவார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் யாரோ, அவர் முறைப்படி செய்வது வழக்கம். இங்கேதான் சொந்தக்காரர் யார் என்று தெரியாதே. உபதேசியார் நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார்: "எல்லா வீட்டுக்கும் மூணும் செஞ்சிருவோம். யாருக்கு எது விழுந்தாலும் அவுக முறை நடந்திருக்கும்."

கேட்டவர்கள் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த நாளில் பூசாரி வந்தார், பள்ளிவாசல் அசரத்து வந்தார், எங்கள் கோயில் பாடகர் குழுவும் வந்தது. வேப்பமரத்தில் இழைத்த பன்னிரண்டு நிலைகளையும் நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதத்து முறைப்படியும் சடங்கு நடந்தது. சோலையம்மாள் கிட்டே வந்தபோது, "நீ தள்ளி நில்லுத்தா, நல்ல காரியம் நடக்குது" என்று அவளையும் பாத்துமுத்துவையும் கஞ்சிக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கலகம் ஆரம்பமானது.

சூசையம்மாள் எங்கள் கோயிலைச் சேர்ந்தவள். மாதா பக்தி உள்ளவள். அவள் ஒரு நிலைக்கு முன்னால் நின்றுகொண்டு, "குங்குமம் வச்ச நெலைக்கு மேல நான் மாதா படத்தை எப்பிடி மாட்டுவேன்? கீழ என்னத்தையோ முடிஞ்சு வேற புதைச்சிருக்காக. அதைத் தாண்டித்தான நான் பூசைக்குப் போகணும்?" என்று அழுதாள்.

செல்லப்பாண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. "உங்க தீர்த்தத்தைத் தெளிச்ச நெலைக்குள்ள எங்க ஐயனாரு மட்டும் எப்பிடி வருவாரு? ஊத்தும்போது கேட்டீகளா எங்களை?" என்று பதிலுக்குக் கத்தினான்.

ராவுத்தர் வீட்டுக்காரர் ஒருவர், "பொட்டு வச்ச வாசல்ல நாங்க எப்பிடித் தொழுறது?" என்றார்.

மூன்றும் நடந்தால் மூன்று பேருக்கும் சந்தோஷம் என்று நினைத்திருந்தோம். ஆண்டவர் பெயரால் செய்த காரியம் அது. மூன்று பேருக்கும் ஆகாத பன்னிரண்டு வாசல்கள்தான் அதில் மிஞ்சின.

அன்றைக்குச் சாந்து குழைக்க யாரும் வரவில்லை. கஞ்சிக்கு மட்டும் வந்தார்கள். வந்தவர்கள் மூன்று வரிசையாக நின்றார்கள். "எங்களுக்குத் தனிப் பானையில காய்ச்சு" என்றான் செல்லப்பாண்டி. "எங்களுக்கும்" என்றாள் சூசையம்மாள்.

"அரிசி ராவுத்தருது, பருப்பு அண்ணாச்சிது, பானை கோயில் பானை. எப்பிடிப் பிரிக்கச் சொல்றீக? அரிசியை அவுகளுக்கும், பருப்பை உங்களுக்கும், வெறும் பானையை இவுகளுக்கும் குடுக்கட்டா?" என்று சோலையம்மாள் அகப்பையைத் தட்டினாள். "ஒரு அடுப்பு, ஒரு பானை. குடிக்கிறவுக குடிங்க. மத்தவுக டீக்கடையில பேப்பரைக் கரைச்சுக் குடிங்க."

பசி இருந்ததால் குடித்தார்கள். ஆனால் மனசுகள் சேரவில்லை. சீட்டை இப்போதே எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. எந்த வீடு யாருக்கு என்று தெரிந்தால் அவரவர் நிலையை நின்றபடியே கழுவி, அவரவர் முறையை மட்டும் திரும்பச் செய்துகொள்ளலாம் அல்லவா. எல்லோரையும்விட செல்லப்பாண்டி அதற்கு முன்னால் நின்றான். அவனுக்கு வளர்ந்த மகன்கள் மூன்று பேர். தன் வீடு எது என்று தெரிந்தால் ஒரு மாசத்தில் சுவரை எழுப்பிவிடுவான்.

சோலையம்மாள் உபதேசியாரிடம் ஓடினாள். "உபதேசியாரய்யா, இன்னைக்குச் சீட்டு எடுத்தா நாளைக்கு அவனவன் அவனவன் வீட்டைக் கட்டப் போயிருவான். எனக்கும் பாத்துமுத்துக்கும் ஆரு கல்லு தூக்குவா? கஞ்சி ஊத்தினவளுக்கு நீங்க குடுக்கிறது வெறும் வாசலா?"

"நான் என்னம்மா செய்ய? எல்லாரும் கேக்குறாங்களே. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கூடிப் பேசுவோம்" என்றார் அவர். பாவம், அவர் முகம் சுண்டிப் போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனி மாசம் பிறந்திருந்தது. ஆம்பிளைகள் எல்லோரும், சூசையம்மாளைப் போல வாயுள்ள பெண்கள் சிலரும், கோயில் முற்றத்தில் கூடினார்கள். ராவுத்தரும் அண்ணாச்சியும் வந்திருந்தார்கள். சோலையம்மாளைக் கூப்பிடவில்லை. அவள் வந்தால் வேறு யாரும் பேச முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

அவள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டின் முன்னால் போய் நின்றாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த பாத்துமுத்து பயந்துபோனாள்.

"அக்கா, என்ன செய்யப் போறீக?"

"குடத்தை வச்சிட்டு நெலையைப் பிடி. நான் முட்டுக்கட்டையைத் தட்டுறேன். கீழ விழுந்து ஒடஞ்சிரக் கூடாது."

"அல்லாவே! வச்ச நெலையப் பிடுங்குனா குடும்பம் விளங்குமா?"

"ஆரு குடும்பம்? இது ஆரு வீடுன்னு ஒனக்குத் தெரியுமா?"

பாத்துமுத்து யோசித்துப் பார்த்தாள். "தெரியாது."

"தெரியாத வீட்டுல எந்தக் குடும்பம் விளங்காமப் போகும்? பிடி."

பாத்துமுத்து பிடித்தாள். சுவர் இன்னும் எழும்பாததால் முட்டுகளைத் தட்டியதும் நிலைகள் சாய்ந்து கொடுத்தன. ஒவ்வொன்றையும் இரண்டு பேருமாகத் தூக்கிவந்து கஞ்சிக் கொட்டகையில் சார்த்தினார்கள். அடியில் இருந்த மஞ்சள் முடிச்சுகளை எடுத்து சோலையம்மாள் அரிசி புடைக்கிற சொளகில் வைத்தாள். ஒன்றைக்கூட அவள் வீசி எறியவில்லை. எல்லாம் முடிந்ததும் பாத்துமுத்துவைப் போகச் சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சிக்கு உலை வைத்தாள்.

கூட்டம் முடிந்து, சீட்டு எடுக்க நாளும் குறித்துக்கொண்டு வந்தவர்கள், வாசல் இருந்த இடங்களில் வெறும் மண்ணைப் பார்த்தார்கள். சூசையம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். செல்லப்பாண்டி முட்டுக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பாய்ந்தான்.

"தாலியறுத்த முண்டை, பன்னெண்டு குடும்பத்து நெலையைப் பிடுங்கிப் போட்டாளேய்யா!"

சோலையம்மாள் கொதிக்கிற கஞ்சியை அகப்பையில் மொண்டு கையில் பிடித்துக்கொண்டாள். "கிட்ட வா கொழுந்தனாரே. கட்டை என் மேல படுறதுக்குள்ள கஞ்சி ஒம் மூஞ்சியில இருக்கும்."

அவன் நின்றுவிட்டான். மகன்கள் வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பிடித்தது அவனுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

"ஒனக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"அண்ணாச்சி, நெலைதான ஆகலைன்னு சண்டை போட்டாக? இப்ப எந்த வீட்டுலயும் நெலை இல்லை. குங்குமமும் இல்லை, தீர்த்தமும் இல்லை. வாசலை ஓட்டையா விட்டுச் சொவரை எழுப்புங்க, கூரையைப் போடுங்க. அப்பறமாச் சீட்டை எடுத்து, அவுகவுக நெலையை அவுகவுக வச்சுக்கிடட்டும்."

"வாசல் நெலை இல்லாம எவனாவது வீடு கட்டுவானாத்தா? அது வீடா, சமாதியா?" என்றார் ஒருவர். கோட்டைச்சாமி கொத்தனாரும் தலையை ஆட்டினார். "மேல கல்லைப் போட்டு வாசலை ஓட்டையா விடலாம். ஆனா பின்னால வைக்கிற நெலை சொவரோட பிடிக்காது. ஆடும்" என்றார்.

"ஆடட்டும். நெலை ஆடுனா ஆரும் சாகமாட்டாக" என்றாள் சோலையம்மாள்.

கொத்தனார் சொன்னது பொய்யாகவில்லை. இன்றைக்கும் அந்த வரிசையில் யாராவது கதவைச் சாத்தினால் நிலையும் சேர்ந்து ஆடும். சந்து வழியாகத் தேள் வரும். அப்போதெல்லாம் சோலையம்மாளுக்கு ஒரு வசவு உண்டு.

நத்தர்கனி ராவுத்தர், "பிடுங்கினது பிடுங்கினதுதான். திரும்ப எப்ப வைக்கலாம் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி விரலை மடக்கினார். "ஆனி ஆகாது. ஆடி ஆகவே ஆகாது. ஆவணியிலதான்."

"ஆவணி வரைக்கும் கொத்தனாரைச் சும்மா உக்கார வச்சுச் சோறு போடவா?"

"நான் மதுரைக்கு வேலைக்குப் போயிருவேன்" என்றார் கோட்டைச்சாமி.

நிலை வைக்க நாள் இல்லாதபோது இப்போதே சீட்டு எடுத்தும் பயன் இல்லை. ஆவணி வரை காத்திருந்தால் ஐப்பசி மழைக்குள் கூரை ஏறாது. அது எல்லோருக்குமே தெரிந்த கணக்கு. சோலையம்மாள் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் கடப்பாரையைத் தொட்டிருந்தாள்.

"அப்ப அவ சொன்னபடிதான் கட்டணும். ஆனா அவ பேரை எடுத்திருங்க" என்றான் செல்லப்பாண்டி. அதற்கும் பலர் தலையாட்டினார்கள். "எடுத்துட்டா கஞ்சி யார் காய்ச்சுறது?" என்று உபதேசியார் கேட்டார். ஆனி வெயிலில் அடுப்புக்கு முன்னால் நிற்க ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் சூசையம்மாள்தான் தண்டனையைச் சொன்னாள்.

"நெலையைப் பிடுங்குன கை சீட்டைத் தொடக் கூடாது. நாங்க எல்லாரும் எடுத்த பிறகு எது மிஞ்சுதோ, அது அவளுக்கு."

சரியான தண்டனை என்று எல்லோருக்கும் மனசு ஆறியது. சோலையம்மாள் அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து, நன்றாக அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். உடையாமல் ஒதுங்கி நின்ற பன்னிரண்டு நிலைகளையும் ஒருத்தியாகவா தூக்கினாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் பாத்துமுத்துவின் பெயரைச் சொல்லவில்லை.

ஆடிக் காற்றில் சுவர்கள் எழும்பின. புழுதி கண்ணை மறைத்தது. யாரும் சோலையம்மாளோடு பேசவில்லை. பாத்திரத்தை நீட்டுவார்கள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வாங்குவார்கள். ஒரு நாள் யாரோ பானையில் இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார்கள். அவள் அழவில்லை. பழைய சேலைத் துணியில் கஞ்சியை வடிகட்டினாள். "மண்ணைப் போட்ட மகராசனும் வா. ஒனக்கும் இதே கஞ்சிதான், பல்லுல நறநறன்னு கடிக்கும், பாத்துக் குடி" என்று ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டே ஊற்றினாள். அவனும் வந்து குடித்திருப்பான். பசித்தவனை விலக்கக் கூடாது என்பதில் மட்டும் அவள் எங்கள் உபதேசியாரைவிட உறுதியாக இருந்தாள். வேற்றூரிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கும் ஊற்றினாள். திட்டிக்கொண்டேதான் ஊற்றினாள்.

ஓடு வந்து சேரத் தாமதமாகிவிட்டது. கூரை ஏறி முடிந்தபோது புரட்டாசி பாதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கூடினார்கள். அண்ணாச்சியின் பித்தளைச் சொம்பில் வீட்டு நம்பர் எழுதிய சீட்டுகளைப் போட்டார்கள். ஒவ்வொரு குடும்பமாக வந்து எடுத்தது. செல்லப்பாண்டிக்கு ஆறாம் நம்பர். சூசையம்மாளுக்கு எட்டு. பாத்துமுத்துவுக்கு ஊரணிக்குப் பக்கத்தில் முதல் வீடு. பதினோரு பேரும் எடுத்து முடித்தார்கள். உபதேசியார் சொம்பைக் கவிழ்த்தார். மிஞ்சிய சீட்டு அவர் கையில் விழுந்தது.

"ஏழு" என்று வாசித்தார்.

மிஞ்சுவது என்றால் ஓரமாக, ஓடைப் பக்கமாக, யாருக்கும் வேண்டாத வீடாக இருக்கும் என்று ஏனோ எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசைக்கு நடுவில், செல்லப்பாண்டிக்கும் சூசையம்மாளுக்கும் இடையில், நல்ல வீடாக அது மிஞ்சி நின்றது. சீட்டு எங்கே விழும் என்பது மனிதன் கையில் இல்லை. நாங்கள் நம்புகிறது அதைத்தானே.

"சொம்புல கடைசியா கிடந்தாலும் சீட்டு சீட்டுத்தானய்யா" என்றாள் சோலையம்மாள்.

"நான் சம்மதிக்க மாட்டேன். இவளுக்குப் பக்கத்துச் சொவருல நான் குடியிருக்கவா? மாத்துங்க" என்று செல்லப்பாண்டி குதித்தான்.

"எனக்கும் மாத்துங்க. காலையில முழிச்சதும் இவ மூஞ்சியிலயா முழிக்கணும்?" என்றாள் சூசையம்மாள்.

சோலையம்மாள் மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "எனக்கு எந்த வீடும் சம்மதம். மாத்துறதுன்னா எல்லாச் சீட்டையும் திரும்பச் சொம்புல போடுங்க. முதல்ல இருந்து எடுப்போம். நான் தொடலை, நீங்களே எடுங்க."

அதற்குள் நல்ல வீடு கிடைத்த மற்றவர்கள் சீட்டை மடியில் முடிந்துகொண்டிருந்தார்கள். ஊரணிப் பக்கம் கிடைத்தவர்கள், ரோட்டுப் பக்கம் கிடைத்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் செல்லப்பாண்டியைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். "ஒனக்காக நாங்க ஏன் திரும்ப எடுக்கணும்? மதினியோட சண்டைன்னா ஒன் வீட்டுல வச்சுக்க." இந்து, வேதக்காரர், ராவுத்தர் என்று மூன்று கூட்டமும் அந்த வருஷத்தில் ஒன்றாகச் சேர்ந்து பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

அண்ணாச்சி காலண்டரைப் பார்த்து, "இது புரட்டாசி. நெலை வைக்கவோ குடி போகவோ ஆகாது. ஐப்பசி பிறக்கட்டும்" என்றார். எங்களுக்கும் பங்குச் சாமியார் ஐப்பசி முதல் வாரத்தில் வந்து வீடுகளை மந்திரிப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் முந்தியே வந்திருந்தாலும் எங்கள் ஆட்கள் புரட்டாசியில் போயிருக்க மாட்டார்கள். பூசைக்குப் போகிற நாங்களும் மாசம் பார்க்கிறவர்கள்தான். வெளியே சொல்ல மாட்டோம்.

சோலையம்மாள் யாரையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பானை, பாய், பாண்டீஸ்வரியின் துணிமூட்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏழாம் வீட்டுக்கு நடந்தாள். பாத்துமுத்துவும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனாள். வாசலில் நிலையும் இல்லை, கதவும் இல்லை. சோலையம்மாள் இரண்டு சாக்குகளைச் சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டாள்.

செல்லப்பாண்டி தெருவில் நின்று கேட்டான். "புரட்டாசியில எவளாவது வீடு குடி போவாளா? நெலை கூட இல்லாத வீட்டுக்கு?"

"ஒன் மாட்டுக் கொட்டத்துல மார்கழி இருந்தேன், பங்குனி இருந்தேன், ஆடி இருந்தேன். அப்ப எந்த மாசத்தைப் பாத்து என்னைக் குடி வச்ச? போ, போயி ஆட்டைக் கட்டு. கெடு வச்சேல்ல, கெடுவுக்கு முன்னாலயே காலி பண்ணிட்டேன்."

மற்றவர்கள் பழைய குடிசைகளிலேயே நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகிறபோதும் வருகிறபோதும் அவளுடைய சாக்கு வாசலைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். அந்த வீடு உருப்படாது என்றார்கள்.

ஐப்பசி பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. ஒரு மத்தியானம் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அரை மணி நேரத்தில் மழை ஊற்ற ஆரம்பித்துவிட்டது. முந்தின வருஷ மழையில் பாதி விழுந்திருந்த சுவர்கள் தண்ணீரைக் கண்டதும் சரிய ஆரம்பித்தன. பிள்ளைகள் அலறின. அவ்வளவுதான். பத்துக் குடும்பங்களும் தட்டுமுட்டுச் சாமான்களைத் தலையில் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடி வந்தன. யாரும் மாசம் பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை. நிலை இல்லாத வாசல் வழியாகவே எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள்.

சோலையம்மாள் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். செல்லப்பாண்டி ஒரு கையில் கோழிக் கூடையும் இன்னொரு கையில் ட்ரங்குப் பெட்டியுமாக ஓடி வந்தான்.

"கொழுந்தனாரே! ஐப்பசி பெறந்திருச்சா? எங்க வீட்டுல காலண்டர் இல்லை, அதான் கேக்குறேன்."

"வாயை மூடு மதினி. மனுசன் நனஞ்சு வாரான்."

"வாங்க, வாங்க. வலது காலை எடுத்து வச்சுப் போங்க. ராகுகாலம் முடிஞ்சிருச்சான்னு வெளிய நின்னு பாத்துட்டுப் போகலாம்ல?"

அவன் என்னவோ திட்டிக்கொண்டே ஆறாம் வீட்டுக்குள் நுழைந்தான். இந்தப் பக்கம் சூசையம்மாள் மாதா படத்தைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவளையும் விடவில்லை.

"சூசையம்மா, சாமியார் வந்து மந்திரிச்சிட்டாகளா? நான் பாக்கலையே?"

சூசையம்மாளுக்கு மழையிலும் ஆத்திரம் பொங்கியது. வாசலில் திரும்பி நின்று கையை நீட்டினாள். "ஒனக்கு நல்ல சாவே வராதுடி!"

"எந்தச் சாவு வந்தாலும் வரட்டும்" என்றாள் சோலையம்மாள். "ஓட்டுக்குக் கீழதான் வரும்."